சேமக்காலைக்குப் போகும் முன்: கார்த்திகை 2ஆம் திகதிக்கான ஆயத்தம்

மரித்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைக்கிற நாள் கார்த்திகை (நவம்பர்) 2. அன்று பின்னேரம் வன்னியின் எந்தக் கத்தோலிக்கச் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) போனாலும் சனம் நிறைந்திருக்கும். பூ, மெழுகுதிரி, சாம்பிராணி எல்லாம் இருக்கும். விடுபட்டுப் போகிறவை கண்ணுக்குத் தெரியாதவை. பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யாமல் வந்த குடும்பங்கள் இருக்கும். பட்டியலில் ஏறாத பெயர்கள் இருக்கும். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால் எந்தக் கல்லறையருகிலும் நிற்க இடமில்லாத தாய்மார் கேற்றடியில் நிற்பார்கள். இவற்றைச் சரிசெய்ய 2ஆம் திகதி காலையில் தொடங்கினால் நேரம் போதாது. ஐப்பசி (ஒக்டோபர்) நடுப்பகுதிக்கு முன்னரே தொடங்க வேண்டும்.

எதை நம்பி இதைச் செய்கிறோம்

திருச்சபை என்பது ஞாயிறு பூசைக்கு வந்து வாங்கில் இருக்கிறவர்கள் மட்டுமல்ல. இவ்வுலகில் பயணம் செய்கிற நாங்கள், மரித்துத் தூய்மை பெறுகிற ஆன்மாக்கள், இறைவனை நேரில் காண்கிற புனிதர்கள் என மூன்று நிலையில் இருக்கிறவர்களும் ஒரே உடல். பழைய விசுவாசப் பிரமாணத்தில் மூத்தவர்கள் இன்றும் சொல்கிற ‘சமுதீதப் பிரயோசனம்’ இதுதான்: ஒருவருடைய நன்மை மற்றவருக்கும் சேரும், சாவு அதை மறிக்காது. சேமக்காலையில் நின்று சொல்கிற ஒவ்வொரு செபமும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

மரணம், தீர்வை (இறைவனின் தீர்ப்பு), மோட்சம், நரகம் ஆகிய நான்கையும் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருப்போம். தீர்வை இரண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மரித்த உடனே ஒவ்வொரு ஆன்மாவுக்கும் தனித்தீர்வை நடக்கிறது. உலக முடிவில், உடல்கள் உயிர்த்தெழும்போது, பொதுத்தீர்வை நடக்கும். தூய்மை பெற்ற ஆன்மா பொதுத்தீர்வை வரை காத்திருக்காமலே இறைவனைக் காண்கிறது என்று 1336இல் திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் வரையறுத்தார். மரித்தவர் தூய்மை பெறுகிற அந்த நிலைக்கு உத்தரிக்கிற ஸ்தலம் என்று பெயர். அது பற்றிய படிப்பினையை 1439இல் புளோரன்ஸ் பொதுச்சங்கமும் 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கமும் (திருச்சபை முழுவதற்குமான ஆயர் கூட்டங்கள்) உறுதிசெய்தன.

சங்கங்கள் சொன்னது கொஞ்சம்தான்: தூய்மை பெறுதல் உண்டு, அங்குள்ளவர்களுக்கு எங்கள் செபமும் விசேடமாகத் திருப்பலியும் உதவும். எவ்வளவு காலம், எந்த இடம், எப்படிப்பட்ட நெருப்பு என்று அவை வரையறுக்கவில்லை. சிறுவர்களுக்குப் படிப்பிக்கிறவர்கள் கரும்பலகையில் நெருப்பைக் கீறி அதற்குள் ஆட்களை நிறுத்துவதை விட்டுவிட வேண்டும். உத்தரிக்கிற ஸ்தலம் சின்ன நரகம் அல்ல. அங்கிருக்கும் ஒவ்வொருவரும் மோட்சம் சேருவது நிச்சயம். நரகம் என்பது இறைவனைத் தானாகவே கடைசிவரை மறுத்தவரின் நிலை. இன்னார் அங்கே இருக்கிறார் என்று திருச்சபை எவரையும் பெயர் குறித்துச் சொன்னதில்லை. ஆகவே பட்டியல் எழுதும்போது ‘அவர் குடிகாரர், அவருக்கு எதற்கு’ என்று ஒரு பெயரையும் வெட்ட எங்களுக்கு உரிமையில்லை.

பட்டியல்

இந்த ஆயத்தத்தின் மிக முக்கியமான வேலை, நினைக்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல். ஐப்பசி மூன்றாம் ஞாயிறு அன்பிய (பங்குக்குள் அயல் வீடுகள் சேர்ந்த சிறு குழு) கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாளும் கடித உறையும் கொடுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பி வாங்குங்கள். ஒரு கிழமைதான் கொடுக்க வேண்டும், இரண்டு கிழமை கொடுத்தால் தாள் தொலையும்.

தாளை மூன்று பகுதியாகப் பிரிக்கவும்.

முதற் பகுதி, மரித்தவர்கள். ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், தகப்பன் பெயர் மூன்றும் வேண்டும். ஒரே பங்கில் அந்தோனியும் மரியாம்பிள்ளையும் பலர் இருப்பார்கள். பெயர் வாசிக்கும்போது எந்தக் குடும்பம் என்று தெரியாமல் போனால், அந்த வீட்டாருக்குத் தங்கள் ஆளை யாரும் நினைக்கவில்லை என்றுதான் படும். மரித்த திகதி தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் இழந்தவர்களின் திகதி பல வீடுகளில் தெரியாது. திகதி இல்லாதவர் உட்பட மரித்த அனைவருக்கும் திருச்சபை ஒரு பொது நாளை வைத்திருக்கிறது, அதுதான் கார்த்திகை 2.

இரண்டாம் பகுதி, காணாமலாக்கப்பட்டவர்கள். இதற்குத் தனித் தலைப்பு கட்டாயம் வேண்டும். அவர்களை மரித்தவர்களின் வரிசையில் எழுதச் சொல்லி எவரும் வற்புறுத்தக்கூடாது. பட்டியல் சேர்க்கப் போகிற இளையோருக்கு இதை முதலிலேயே சொல்லி அனுப்புங்கள். 2017 மாசியில் (பெப்ரவரியில்) காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் வெயிலிலும் மழையிலும் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தாயிடம் ‘அம்மா, இதையும் செத்தவரின் பக்கத்திலேயே எழுதுவமா’ என்று கேட்டால், அடுத்த ஞாயிறு அவர் பூசைக்கு வரமாட்டார். இருப்பவருக்கும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், மரித்தவருக்கும் ஒப்புக்கொடுக்கலாம். எனவே ‘ஆண்டவர் அறிந்திருக்கிற எங்கள் மகனுக்காக’ என்று கருத்து (பூசை யாருக்காக என்ற நோக்கம்) வைத்தாலே போதும். மரணச் சான்றிதழும் வேண்டாம், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொடுக்கப்படுகிற காணாமற்போனமைச் சான்றிதழும் வேண்டாம். பூசைக்கு அப்படியொரு விதி இல்லை. மறுமணம் வேறு விடயம். துணை காணாமற்போனவர் கோவிலில் மீண்டும் மணம் முடிக்க வேண்டுமானால் ஆயரிடமிருந்து மரித்ததாகக் கொள்ளும் தீர்ப்பு வேண்டும். எத்தனை வருடம் கடந்தாலும் காணவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. பங்குத்தந்தையிடம் நேரத்தோடு பேசுங்கள்.

மூன்றாம் பகுதி, யாருமில்லாதவர்கள். ஒரு வரி போதும்: பக்கத்து வளவில் முழுக் குடும்பமும் போனவர்கள், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள், தங்களுக்காகச் செபிக்க ஒருவருமில்லாத ஆன்மாக்கள். அவர்களுக்குப் பூசைக் காணிக்கை கொடுக்க ஒரு வீடு முன்வந்தால் மிக நல்லது.

சேர்ந்த உறைகளைத் திறந்து எல்லாப் பெயரையும் ஒரு கொப்பியில் ஏற்றவும். பீடத்தருகில் வைக்கிற பெட்டிக்குள் உறைகள் போகட்டும், கொப்பி சக்கிறிஸ்தியில் (பூசைப் பொருட்கள் வைக்கிற அறையில்) இருக்கட்டும். எல்லாப் பெயரையும் ஒரே பூசையில் வாசித்தால் சனம் களைத்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு அன்பியம் என்று கார்த்திகை மாதம் முழுவதும் பிரித்து வாசிக்கலாம்.

பூசைக் கருத்து பற்றி இரண்டு விடயம். கார்த்திகை 2இல் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை செய்யலாம் என்று 1915இல் 15ஆம் பெனடிக்ட் அனுமதித்தார். ஒன்று குரு விரும்பும் கருத்துக்கு, ஒன்று மரித்த விசுவாசிகள் அனைவருக்கும், ஒன்று திருத்தந்தையின் கருத்துக்கு. காணிக்கை எடுக்கக்கூடியது ஒன்றுக்கு மட்டும்தான். ஆகவே ‘2ஆம் திகதி பூசை எங்கள் அப்புவுக்கு மட்டும்’ என்று கேட்பவருக்கு அந்த மாதத்தின் வேறு நாளைக் கொடுப்பதே ஒழுங்கு. பல குடும்பங்களின் காணிக்கையைச் சேர்த்து ஒரே பூசையாக வைப்பதானால் அதைக் கொடுப்பவருக்கு முன்பே சொல்லி அவர் சம்மதிக்க வேண்டும், கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது. இது 1991இல் வந்த உரோமை விதி. காசில்லாத வீட்டுக்கும் பூசை உண்டு. காணிக்கை இல்லாமலும் ஏழைகளின் கருத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லித் திருச்சபைச் சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பரிபூரணப் பலன்

மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சியிருக்கிற தண்டனை முழுவதையும் நீக்கத் திருச்சபை வழங்குகிற அருளே பரிபூரணப் பலன். கார்த்திகை 1 தொடங்கி 8 வரை ஒவ்வொரு நாளும் சேமக்காலையைச் சந்தித்து, மனதிலாவது மரித்தவர்களுக்காகச் செபிக்கிறவர் ஒரு ஆன்மாவுக்குப் பரிபூரணப் பலனை ஒப்புக்கொடுக்கலாம். கார்த்திகை 2இல் கோவிலைச் சந்தித்து ஒரு பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொல்வதற்கும் அதே பலன் உண்டு. ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு பரிபூரணப் பலன்தான் பெறலாம், இரண்டையும் செய்தாலும் இரண்டாகாது. மரணத் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமே இதில் விலக்கு. கோவில் சந்திப்பை ஆயரின் சம்மதத்துடன் முன்னைய அல்லது பின்னைய ஞாயிறுக்கு, அல்லது சகல புனிதர் திருநாளுக்கு மாற்றலாம். மன்னார், வவுனியா மாவட்டப் பங்குகள் 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பக்கத்துப் பங்கில் நாளை மாற்றினார்கள் என்பதற்காக உங்கள் பங்கிலும் மாறாது.

சந்திப்போடு சேர வேண்டியவை நான்கு.

பாவசங்கீர்த்தனம்: முன்னோ பின்னோ சுமார் 20 நாளுக்குள் ஒரு தடவை செய்தால் எட்டு நாளுக்கும் அது போதும். வன்னியில் ஒரு குருவுக்குப் பல கிளைக் கோவில்கள். 2ஆம் திகதி காலையில் வரிசையில் நின்றால் பாதிப் பேர் திரும்ப வேண்டிவரும். ஐப்பசி கடைசிக் கிழமை ஒவ்வொரு கிளைக் கோவிலுக்கும் ஒரு பின்னேரத்தை ஒதுக்கித் தரும்படி பங்குச் சுவாமியிடம் கேளுங்கள்.

நற்கருணை: ஒவ்வொரு பலனுக்கும் ஒரு தடவை. அன்றன்றே எடுப்பது சிறந்தது. இதனால்தான் பூசை இல்லாத கிராமங்களில் எட்டு நாளும் பெறுவது கடினம். பெறக்கூடிய நாளில் பெற்றால் போதும்.

திருத்தந்தையின் கருத்துக்கான செபம்: ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் போதும். மிக அதிகமாக மறக்கப்படுவது இதுதான், கல்லறையடியிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அற்பப் பாவம் உட்பட எந்தப் பாவத்திலும் பற்று இல்லாதிருத்தல்: பயப்பட வேண்டியதில்லை, அலட்சியம் செய்யவும் கூடாது. காணி எல்லைச் சண்டையில் அண்ணனோடு பத்து வருடம் பேசாமல், பேசப்போவதும் இல்லை என்று தீர்மானித்துக்கொண்டு தகப்பனின் கல்லறையில் நின்றால் இந்த நிபந்தனை நிறைவேறாது. அப்படி ஒன்று குறைந்தால் பலன் முழுதாக இல்லாமற்போகாது, குறைப் பலனாக நிற்கும்.

பலனை வேறொரு உயிருள்ளவருக்குக் கொடுக்க முடியாது. தனக்கோ மரித்தவருக்கோதான். காணாமலாக்கப்பட்டவரின் குடும்பம் ‘அவர் மரித்திருந்தால் அவருக்கு, இல்லையென்றால் யாரும் நினையாத ஓர் ஆன்மாவுக்கு’ என்று கருத்து வைக்கலாம். பழைய செபப் புத்தகங்களில் ‘300 நாள் பலன்’, ‘7 வருடப் பலன்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டாம். 1967இல் 6ஆம் பவுல் அந்த எண்ணிக்கையையே எடுத்துவிட்டார். 2020இலும் 2021இலும் கொரோனாவுக்காகப் பலன் மாதம் முழுவதற்கும் நீட்டப்பட்டதை நினைத்து இன்றும் சிலர் 8ஆம் திகதிக்குப் பிறகு வருகிறார்கள். அந்தந்த வருட அறிவித்தலைப் பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமக்காலை வேலை

மாரி தொடங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சிரமதானத்தை ஐப்பசி இரண்டாம் கிழமைக்குள் வையுங்கள்.

முதலில் புல்லும் பற்றையும். சப்பாத்துப் போட்டு, நீண்ட தடியால் தட்டித் தட்டிப் போக வேண்டும். புடையன் பாம்பு அசையாமல் கிடக்கும். மீள்குடியேறிய பகுதிகளில் புதிதாக வெளியாக்கும் மூலையில் மண்வெட்டியை ஆழமாகப் போட வேண்டாம். செல்லோ மிதிவெடியோ போன்ற இரும்புப் பொருள் தெரிந்தால் தொடாமல், நகர்த்தாமல், தடியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பி கிராம அலுவலருக்கோ 119க்கோ அறிவியுங்கள். கல்லறை இல்லாத இடத்தில் எலும்போ துணியோ வந்தாலும் அப்படியே நிறுத்துங்கள். கும்பிட்டு மீண்டும் மூடிவிடுவது மரியாதை போலத் தோன்றும். ஆனால் அது யாரோ ஒரு குடும்பம் தேடுகிற சாட்சியாக இருக்கலாம். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோதுதான் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. பொலிசுக்கு அறிவித்தால் நீதவானின் பார்வையில் தோண்டுவார்கள்.

புதுக் கல்லறைக்குச் சீமெந்து போட அவசரப்பட வேண்டாம். நிரப்பிய மண் இளக்கமாக இருக்கும், பெட்டியும் உக்கும். ஒரு மாரியாவது கடந்து மண் இறங்கிய பிறகு கட்டினால் பிளக்காது. அதுவரை மண்ணைக் குவித்து, ஒரு மரச் சிலுவை நட்டால் போதும். முதிரையோ பாலையோ நின்று பிடிக்கும், மெது மரத்தைக் கறையான் ஒரு வருடத்தில் முடித்துவிடும். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பை முதல்நாளே ஊறவைத்து, துணியில் வடித்து, வாளிக்கு ஒரு கைப்பிடி உப்புச் சேர்த்து அடியுங்கள். இரண்டு நாள் வெயில் இருக்கும்போது அடித்தால்தான் மழையில் கழுவுப்படாது. பெயர் எழுத்துகளைப் பூச்சு மூடிவிடாமல் பார்க்கவும்.

மெழுகுதிரி காற்றிலும் தூறலிலும் நிற்காது. வாயகன்ற ஜாம் போத்தலில் இரண்டங்குலம் மணல் போட்டு அதற்குள் நடுங்கள். சிரட்டை பரவாயில்லை, ஆனால் காற்றுக்கு மறைப்பில்லை. பிளாஸ்டிக் மாலைக்குப் பக்கத்தில் திரி வைக்க வேண்டாம், ஒன்று பற்றினால் வரிசை முழுவதும் பற்றும்.

பின்னேர ஒழுங்கு

கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னரே பொழுது படும். எல்லைக் கிராமங்களில் யானை இறங்கும் நேரமும் அதுதான். ஆகவே பூசையை மூன்றரைக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் எல்லாம் முடியுங்கள். அன்று பீடத்தில் பூ வைப்பதில்லை, உன்னதங்களிலே கீதம் பாடுவதில்லை. குருவின் மேலங்கி பெரும்பாலும் ஊதா. ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் மரித்தவர்களுக்கான பூசைதான்.

பூசை முடிய, சிலுவை முன்னே செல்ல, சேமக்காலை நடுச் சிலுவையடியில் கூடி யோவான் 11இல் இலாசரின் பகுதியை வாசிக்கவும். பிறகு 130ஆம் திருப்பாடல், மன்றாட்டு, பெயர்கள். தீர்த்தம் தெளிக்கக் குரு ஒவ்வொரு வரிசைக்கும் போகட்டும். தங்கள் கல்லறையில் தீர்த்தம் படவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, ஆகையால் வாளியைத் தூக்க இரண்டு பீடப் பணியாளர் வேண்டும். ‘நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே’ என்பதற்குச் சனம் பதில் சொல்லும் வரை பொறுத்துச் சொல்லுங்கள். கல்லறையே இல்லாதவர்களுக்காக நடுச் சிலுவையடியில் ஒரு மணல் தட்டு வையுங்கள். கேற்றடியில் நிற்கும் தாய்மாரை ஒருவர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அங்கே திரி ஏற்றச் செய்யட்டும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

தற்கொலை செய்தவரை வரிசைக்கு வெளியே புதைத்த பழைய வழக்கத்தால் சில கல்லறைகள் வேலியோரம் கிடக்கின்றன. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில், தெரிந்தே தன்னுயிரை மாய்த்தவருக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. தீர்த்தம் வேலியோரம் வரை போக வேண்டும்.

ஞானஸ்நானம் பெற்றுச் சிறுவயதிலேயே போன பிள்ளைக்குத் தூய்மை பெற ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் நாங்கள் மன்றாட்டுக் கேட்கலாம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தால் ஆயர் அடக்கச் சடங்கையும் அனுமதிக்கலாம். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் மோட்சம் சேராமல் தங்குவதாக முன்பு சொல்லப்பட்ட ‘லிம்போ’ பற்றி அந்தத் தாயிடம் பேசாதீர்கள். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை.

காணாமற்போனவர் எங்கே என்று சாத்திரம் கேட்பதும் ஆவியைக் கூப்பிட்டுக் கேட்பதும் வேண்டாம். ஆன்மாக்கள் இறைவனின் கையில் இருக்கிறார்கள், எங்கள் அழைப்புக்கு வந்து போகிறவர்கள் அல்ல. சாத்திரம் கேட்கப் போனவர்களைத் திட்டாமல், அந்தக் காசை ஒரு பூசைக்குக் கொடுக்கச் சொல்லி, கூடவே போய் உட்காருங்கள். படையல் பற்றியும் இப்படித்தான். மரித்தவர் வந்து உண்பதில்லை. ஆனால் அப்பாவுக்குப் பிடித்த சோறும் கறியும் சமைத்து இல்லாதவருக்குக் கொடுத்தால், அந்தத் தர்மத்தை அவர் ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம்.

பெந்தகோஸ்தே சபைக்குப் போன உறவினர் ‘செத்தவருக்குச் செபமா’ என்று கேட்டால் 2 மக்கபேயர் 12ஐ எடுத்து வாதிட வேண்டாம். மரித்த வீரர்களின் பாவப் பரிகாரப் பலிக்காக யூதா மக்கபே 2000 திராக்மா வெள்ளி சேர்த்து எருசலேமுக்கு அனுப்பிய அந்தப் பகுதி அவர்களின் வேதாகமத்தில் இல்லை. உயிர்ப்பு இருவருக்கும் பொது. யோவான் 11ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

9ஆம் திகதி காலை இளையோர் மீண்டும் ஒரு தடவை போக வேண்டும். போத்தலிலும் சிரட்டையிலும் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். எல்லாவற்றையும் கவிழ்த்து, சாக்கில் கட்டி வெளியேற்றுங்கள், வாடிய பூவை மூலையில் புதையுங்கள். பெயர்க் கொப்பியை மாதக் கடைசியில் படம் பிடித்துப் பிரதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இடப்பெயர்வில் எத்தனையோ பங்குகளின் பதிவேடுகள் போயின.